மறக்காத கூடை

அத்தியாயம் 7

அந்த ஆன்லைன் கடையில் விற்பது ஒரே ஒரு பொருள். அந்த ஒன்றும் கையிருப்பில் இல்லை என்று என் போனில் கடையின் பக்கம் சொன்னது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். எல்லாப் பெட்டியிலும் அதே பொருள்தான்.

"மேடம், இந்தக் கடைக்கு முதல்ல ஒரு கண் டாக்டரைக் காட்டணும்" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். என் ஜோக்குகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். நான் அவருடைய உதவியாளன். என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார், சம்பளக் கவரிலும் அப்படித்தான் எழுதுவார்.

நாங்கள் நின்றிருந்தது கடையின் பேக்கிங் அறை. முதலாளி இறந்து கிடந்ததும் இதே அறையில்தான். மேல் தட்டிலிருந்து பெட்டி எடுக்க ஏணியில் ஏறினார், ஏணி சறுக்கியது, சிமெண்ட் தரையில் தலை மோதியது என்று இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருந்தார். முதலாளியின் சொந்தக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்று காலை மச்சினன் அவரோடு உரத்த குரலில் சண்டை போட்டதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். மச்சினன் கொலைகாரன் என்று துக்க வீட்டிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. அந்தப் பழியைத் துடைக்கச் சொல்லி எங்களிடம் வந்தவனும் அதே மச்சினன்தான்.

"எதுக்கு சண்டை?" என்று கேட்டார் மேடம்.

"ஒரு சாஃப்ட்வேருக்காக மேடம். சொன்னா நம்ப மாட்டீங்க." அவன் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினான். நடுவில் கோடு, இரண்டு பக்கமும் இரண்டு விதக் கையெழுத்து. "எங்க கடைப் பக்கத்தை இதுவரைக்கும் நடத்திட்டிருந்த கம்பெனி மூடறாங்க. இன்னிக்கு ஆறு மணியோட எல்லாத்தையும் அழிச்சுடுவாங்க. அதுக்குள்ள வேற ஷாப்பிங் கார்ட், அதான் ஆர்டர் எடுக்கற சாஃப்ட்வேர், பிடிக்கணும். இந்தப் பக்கம் ஒத்தை பட்டன். வாங்கறவங்க அமுக்குவாங்க, பணம் வரும், லேபிள் அச்சாகும், முடிஞ்சுது. பார்சல் போய்ச் சேர்ந்ததும் முகவரியைக்கூட அதுவே மறந்துடும். அந்தப் பக்கம் பெரிய கூடை. கூப்பன், தள்ளுபடி, பாதியில ஓடிப்போனவங்களைத் திரும்பக் கூப்பிடறது, 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்'னு காட்டறது."

"உங்க கடையில அது எதைக் காட்டும்? இதை வாங்கியவர்கள் இதையே வாங்கினார்கள்னா?" என்றேன்.

"அதையேதான் சார் நானும் கேட்டேன்" என்றான் அவன், சிரிக்காமல். "நாங்க விக்கறது கட்டில் தடுப்பு. கைக்குழந்தை உருண்டு விழாம கட்டில் ஓரத்துல மாட்டறது. ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதும். குழந்தை வளர்ந்துட்டா அதுவும் பரணுக்குப் போயிடும். ரெண்டாவது யாரும் வாங்க மாட்டாங்க. ஒரு பொருள், ஒரு பட்டன்னு இத்தனை நாளா அத்தான்தான் மந்திரம் மாதிரி சொல்லிட்டிருந்தாரு. சாகற அன்னிக்குக் காலைல திடீர்னு பெரிய கூடைதான் வேணும்னு நிக்கறாரு. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கலை. நான் கத்திட்டு கூரியர் ஆபீஸுக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா ஏணி கீழ கிடக்கு, பக்கத்துல அத்தான் கிடக்கறாரு."

"இவ்வளவு பெட்டி இருக்கும்போது கையிருப்பு இல்லைன்னு போட்டது யாரு?"

"அத்தானாத்தான் இருக்கணும். ஓனர் பாஸ்வேர்டு அவருக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். அக்காகிட்ட மாத்திக் கொடுன்னேன். கடைப் பேச்சே வேண்டாம்னுட்டா. இந்தத் தடுப்பை டிசைன் பண்ணினதே அவதான் மேடம். சின்ன வயசுல அவ பொண்ணு கட்டில்லேர்ந்து விழுந்துட்டான்னு, ராத்திரி பகலா உக்காந்து வரைஞ்சா. பெட்டி மேல இருக்கறதுகூட அவ பொண்ணு போட்டோதான்."

மேடம் பேக்கிங் மேஜைக்கு நகர்ந்தார். அதன் மேல் ஒரு மெத்தை, மெத்தையின் ஓரத்தில் மாட்டிய தடுப்பு, பக்கத்தில் துண்டால் சுற்றிக் கட்டிய ஒரு மூட்டை.

"முதலாளி மத்தியானத் தூக்கத்தை இங்கயே முடிச்சுக்குவார் போலிருக்கு. தலையணைக்கு உறை வாங்கக்கூட மனசு வரலை" என்றேன்.

மேடம் மூட்டையைத் தூக்கினார். உள்ளே உப்புப் பாக்கெட்டுகள். ஒரு கையை அடியில் கொடுத்து, மறு கையால் மேல்பக்கத்தைத் தாங்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு மெதுவாக மேஜையில் இறக்கினார், மெத்தையின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"முதலாளி கடைசியா யார்கிட்ட பேசினார்?" என்று கேட்டார்.

"அந்தப் பெரிய கூடைக் கம்பெனியோட சேல்ஸ்மேன்கிட்ட."

"வாயாடி, வண்டியை எடு."

* * *

சேல்ஸ்மேன் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தான். துப்பறிகிறவர்கள் என்று சொல்லியும் எங்களுக்கு ஒரு கடை விற்றுவிடும் ஆசை அவனை விடவில்லை. இலவசமாக முயன்று பார்க்கலாம் என்று இரண்டு தடவை சொன்னான். முதலாளி இறந்துவிட்டதை மேடம் சொன்னதும்தான் அடங்கினான்.

"நல்ல மனுஷன் மேடம். ஆனா அந்த மாதிரி ஒரு கஸ்டமரை நான் பாத்ததே இல்லை. எங்க கார்ட்டுல இருக்கற வசதியெல்லாம் அடுக்கினேன். ஒண்ணையும் காதுல வாங்கலை. விலையைக்கூடக் குறைக்கச் சொல்லலை."

"அப்புறம் என்னதான் கேட்டார்?"

"பழைய கடையில வாங்கினவங்க எல்லாரையும் இங்க கொண்டுவர முடியுமான்னார். முடியும்னேன். எல்லாருக்கும் ஒரே சமயத்துல ஒரு செய்தி அனுப்ப முடியுமான்னார். முடியும்னேன். யாரு படிச்சாங்க, யாரு படிக்கலைன்னு தெரியுமான்னார். தெரியும்னேன். உடனே சரின்னுட்டார். ஆஃபர் ஏதாவது அறிவிக்கப் போறாராக்கும்னு நெனச்சேன்."

"கொண்டு வந்துட்டீங்களா?"

"ஆரம்பிச்சோம். பாதியில இருக்கும்போது அவங்க கடைக் கணக்குலேர்ந்தே சாட்டுல கேன்சல்னு வந்துது. மத்தியானம், நான் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம்." அவன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

வந்திருந்த செய்தி சின்னது. வேண்டாம், நிறுத்திவிடுங்கள். எங்கள் பொருளில் எந்தக் குறையும் இல்லை. வாங்கியவர்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

மேடம் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நீங்க குறை இருக்கான்னு கேட்டீங்களா?"

"நான் ஏன் மேடம் கேக்கறேன்? தடுப்பா துடைப்பமான்னுகூட எனக்குத் தெரியாது."

"விட்ட இடத்துலேர்ந்து தொடர முடியுமா?"

"ஓனர் சொல்லணும். அவர் இல்லைன்னா அவரோட மனைவி. அதுவும் ஆறு மணிக்குள்ள. பழைய கம்பெனி அழிச்சுட்டாங்கன்னா அப்புறம் தலைகீழா நின்னாலும் கிடைக்காது."

சுவர்க் கடிகாரத்தில் நாலு தாண்டியிருந்தது. மேடம் நன்றி சொல்லாமலே எழுந்தார். அவருக்கு அவசரம் வந்தால் மரியாதை முதலில் போகும்.

* * *

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"மேடம், போஸ்ட்மார்ட்டம் டாக்டர் கணக்குப்படி முதலாளி காலைலயே போயாச்சு. கேன்சல் மத்தியானம் வந்திருக்கு. செத்தவர் சாட் பண்ண மாட்டார். நம்ம கட்சிக்காரன்தான் கடையை நடத்தறவன், பாஸ்வேர்டு தெரியாதுங்கறதும் அவனே சொன்னது, அவனுக்குத்தான் ஒத்தை பட்டன் மேல காதல். நம்மகிட்டயே ஃபீஸ் கொடுத்துத் தன்னையே பிடிச்சுக் கொடுக்கறான். இந்த மாதிரி ஆள் மாசத்துக்கு ஒருத்தன் வந்தா நம்ம பொழப்பு ஓடிடும்."

"ரெண்டாவது வாங்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்ச ஆளுங்களைத் தேடிப் பிடிச்சு நீ என்ன சொல்லுவ?"

"வணக்கம் சொல்லுவேன்."

"யோசிச்சுச் சொல்லு. கடையில விக்கறதை நிறுத்திட்ட. அறை நிறையப் பெட்டி, ஆனா கையிருப்பு இல்லைன்னு போடற. மெத்தையில தடுப்பை மாட்டி, ஒரு மூட்டையை அதுல உருட்டி உருட்டிப் பாக்கற. அந்த மூட்டை என்ன எடை இருந்துது தெரியுமா?"

"என்ன எடை?"

"ஒரு கைக்குழந்தையோட எடை."

வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அடுத்து வரவேண்டிய ஜோக் வரவில்லை.

"மெத்தை அழுந்தினா தடுப்பு வெளியே நகருது. நான் கையால அழுத்திப் பாத்தேன். நடுவுல ஒரு இடுக்கு விழுது. மூட்டை அதுல போய் உக்காரும். குழந்தைன்னா முகம் மெத்தையில புதைஞ்சிடும். அதுக்குத் திரும்பிப் படுக்கத் தெரியாது" என்றார் மேடம். "யாரோ ஒருத்தர் வீட்டுல அது நடந்திருக்கு. நடந்து, முதலாளிக்குச் சொல்லியிருக்காங்க. அந்த மனுஷன் கூடையைத் தேடினது விக்கறதுக்கு இல்லை. வாங்கின ஒவ்வொரு வீட்டையும் எச்சரிக்கறதுக்கு."

"அப்ப அந்தத் தடுப்பு இப்பவும் எத்தனையோ வீட்டுல..."

"ஆமா. ஆறு மணிக்கு அந்த வீடெல்லாம் எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாமப் போயிடும்."

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். "மனைவி வீட்டுக்குத்தானே?"

"முதல்ல மச்சினன் வீடு. அவனுக்கும் கைக்குழந்தை இருக்கு. குறை இருக்குன்னு தெரிஞ்சவன்தான் குறை இல்லைன்னு எழுதியிருக்கணும். தெரிஞ்சவன் வீட்டுக் கட்டில்ல அது இருக்காது."

* * *

மச்சினன் இன்னும் கடையில்தான் இருந்தான். அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி கதவைத் திறந்தாள். நாங்கள் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மேடம் குழந்தை தூங்கும் கட்டிலைப் பார்க்க வேண்டும் என்றதும் கொஞ்சம் விழித்தாள், ஆனால் வழிவிட்டாள்.

கட்டில் ஓரத்தில் தலையணைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மரச் சட்டத்தில் ஏதோ இறுக்கிப் பூட்டியிருந்த தடம் இரண்டு இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. தடுப்பு இல்லை.

எனக்கு ஒரே சந்தோஷம், கசப்பான சந்தோஷம். ஊரான் வீட்டுக் குழந்தை எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டுத் தன் வீட்டில் மட்டும் கழற்றியிருக்கிறான் பாவி. மேடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "தடுப்பு எங்கம்மா?"

"அண்ணி கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"இவரோட அக்கா. அண்ணன் இறந்த அன்னிக்கு மத்தியானம். அப்ப எங்க யாருக்கும் விஷயம் தெரியாது. மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. தூங்கிட்டிருந்த இவளைத் தூக்கி என் கையில கொடுத்துட்டு, தரையில உக்காந்து அவங்களே கழட்டினாங்க. அவசரத்துல ஸ்க்ரூ வர மாட்டேங்குது. புது மாடல் தரேன், இது பழசுன்னாங்க." அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே எங்கள் முகங்களைப் பார்த்தாள். "அதுல ஏதாவது கோளாறா மேடம்? இவர் தினமும் திட்டறாரு, அத்தான் செஞ்ச பொருள் நம்ம வீட்டுலயே இல்லையேன்னு."

மேடம் குழந்தையின் காலைத் தொட்டார். "ஒண்ணும் இல்லைம்மா. இவளைத் தரையில பாய் போட்டே தூங்க வை" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தார். படியில் நின்றபடியே இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார்.

நான் வண்டியைக் கிளப்பினேன்.

* * *

முதலாளியின் மனைவி வரைபட மேஜையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் காகிதம் எதுவும் இல்லை, கடையின் போனும் லேப்டாப்பும் மட்டும் இருந்தன. எங்களுக்கு முன்னாலேயே அவள் தம்பியை வரச்சொல்லியிருந்தார் மேடம். அவன் சுவரோரம் நின்றான். இன்ஸ்பெக்டர் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மேடம் சுற்றி வளைக்கவில்லை. "ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. பழைய ஆர்டரை எல்லாம் கொண்டுவரச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"எதுக்கு? ஒரே பொருள் விக்கற கடைக்குப் பழைய ஆர்டர் எதுக்கு?"

"உங்க புருஷன் எதுக்குக் கேட்டாரோ அதுக்கு."

"அவருக்குப் பயம். யாரோ ஒரு பொம்பளை போன் பண்ணி அழுதா. உடனே எல்லாம் போச்சுன்னு குதிச்சார். சரியா மாட்டாம விட்டது அவங்க தப்பு." அவள் குரல் ஏறவே இல்லை. எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பழகிய பேச்சு அது. "என் பொண்ணு அதுலதான் தூங்கினா. என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகலை. என் டிசைன்ல குறை இல்லை."

"குறை இல்லைன்னா, உங்க தம்பி வீட்டுல ஏன் கழட்டினீங்க?"

சுவரோரம் நின்றவன் நிமிர்ந்தான். அவள் தம்பியைப் பார்த்தாள், பிறகு பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"கடையைத் திரும்பத் திறக்கவும் உங்களுக்கு மனசு வரலை" என்றார் மேடம். "பாஸ்வேர்டு தெரிஞ்சும் கையிருப்பு இல்லைன்னே விட்டு வெச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியும்மா. அந்தப் பொம்பளை சொன்னது நிஜம்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"அக்கா" என்றான் தம்பி. "என் பொண்ணு அதுலதானே இத்தனை நாளா..."

 அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தாள். இரண்டாம் தடவை திறந்தது. நான் சேல்ஸ்மேனைப் போனில் பிடித்து வைத்திருந்தேன். அவன் வேலையில் கெட்டிக்காரன், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திரையில் வீடுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பெயர், தெரு, போன் எண். சிலர் முகவரிக்குக் கீழே, பெல் அடிக்காதீர்கள், குழந்தை தூங்கும் என்று கூரியர்காரருக்குக் குறிப்பு எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது என் கண் நனைந்தது.

மேடம் சொல்லச் சொல்ல அவளே தட்டச்சு செய்தாள். எங்களிடம் வாங்கிய கட்டில் தடுப்பை இந்த நிமிடமே கழற்றிவிடுங்கள். மெத்தைக்கும் தடுப்புக்கும் நடுவே குழந்தை சிக்கி மூச்சு முட்டும். கழற்றியதும் எங்களைக் கூப்பிடுங்கள்.

"மூச்சு முட்டும்" என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு அடித்தாள். எல்லோருக்கும் அனுப்பு என்ற பொத்தானையும் அவளே அமுக்கினாள். ஆறு மணிக்குப் பழைய கடை மூடியபோது செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏணி எப்படிச் சறுக்குச்சு?" என்று கதவருகிலிருந்து கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குத் தெரியாது. நான் அங்க இல்லை."

"கடைக் கணக்குலேர்ந்து கேன்சல் பண்ணினது?"

"அவர் பண்ணியிருப்பார். நான் இல்லை." அவள் தம்பியிடம் திரும்பினாள். "பொண்ணுக்கு டியூஷன் முடிஞ்சிருக்கும். அவளைக் கூட்டிட்டு உன் வீட்டுக்குப் போயிடு. இங்க வேண்டாம்."

அவன் அசையவில்லை. அதற்குள் கடையின் போன் அடித்தது. மேடம் ஸ்பீக்கரைப் போட்டு அவள் முன்னால் தள்ளினார்.

முதலில் ஒரு அப்பா. கழற்றியாச்சு, பணம் திரும்பக் கிடைக்குமா என்று கோபமாகக் கேட்டார். கிடைக்கும் என்றாள். அடுத்து ஒரு பெண், கழற்றத் தெரியவில்லை என்றாள். இடது பக்க ஸ்க்ரூவை முதலில் திருப்பச் சொல்லி, அது வரும்வரை இவள் போனை வைக்கவில்லை. அடுத்தடுத்து அழைப்புகள். எடுத்தவுடன் "கழட்டிட்டீங்களா?" என்றுதான் கேட்டாள். ஒவ்வொருவரும் ஆமாம் என்றதும் கண்ணை மூடித் திறந்தாள். அவளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. பரிதாபப்படுவதற்காக என் மேலேயே எனக்குக் கோபமும் வந்தது.

பிறகு இன்னொரு அழைப்பு.

"கழட்டிட்டீங்களா?" என்றாள்.

 எதிர்முனையில் ஒரு பெண் குரல், நிதானமாக. "கட்டிலையே கொடுத்துட்டோங்க."

எனக்குப் புரிவதற்குள் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். குழந்தையை இழந்த அந்த வீட்டுக்கும் செய்தி போயிருக்கிறது. அனுப்பும் முன்னால் அந்த ஒரு பெயரை எடுத்துவிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடம் போனை நோக்கிக் கை நீட்டினார். அவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்குப் பேசினேங்க" என்றது அந்தக் குரல். "ஒரு சார் எடுத்தாரு. நான் ஏதேதோ கத்திட்டேன். அவர் திருப்பி ஒண்ணுமே சொல்லலை. கூடவே அழுதாரு. இனிமே எந்த வீட்டுலயும் இப்படி ஆக விடமாட்டேன், எல்லாருக்கும் சொல்றேன்னாரு. சும்மா சொல்றாருன்னு நெனச்சேன். இப்ப செய்தி வந்துது. சொன்ன மாதிரியே பண்ணிட்டாரு." மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது. "அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். இருக்காருங்களா?"

 அவள் போனிலிருந்து கையை எடுத்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"ஹலோ, இருக்காருங்களா?"

"இல்லைங்க" என்றாள். "ஏணியை நான்தான் இழுத்தேன்."